மாவு அரைக்கும் நாளில் சப்பாத்தி கிடையாது

எங்கள் வீட்டில் வெகுநாளாக ஒரு சட்டம் இருந்தது. மாவு அரைக்கும் நாளில் சப்பாத்தி கிடையாது. சாஸ்திரம் ஒன்றும் இல்லை. கிரைண்டரை வெளியே இழுத்துவிட்டால் சப்பாத்திப் பலகை வைக்க இடம் இருக்காது, அவ்வளவுதான். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று என் மகள் ஆறாவது படிக்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

மும்பை செம்பூரில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில், மூன்றாவது மாடி. ஒரு படுக்கையறை வீடு. அத்தை, மாமா, நாங்கள் இருவர், மகள் என்று ஐந்து பேர். சமையலறை 8 அடி நீளம், ஆறரை அடி அகலம். நீளச் சுவரை ஒட்டி 7 அடிக்குக் கடப்பா கல் மேடை. இங்கே அதை ஓட்டா என்போம். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஐம்பது வருஷம் ஆன அத்தைக்கும் அது ஓட்டாதான்; மேடை என்றால் யார் பேசப்போகிறார்கள் என்று கேட்பார். ஜன்னல் சுவரின் மூலையில் உட்கார்ந்து பாத்திரம் கழுவும் பழைய மோரி. அதற்குப் பக்கத்தில் ஜன்னலைப் பாதி மறைத்தபடி ஃப்ரிட்ஜ்.

ஒரு நாள் கோபத்தில் டேப்பை எடுத்து ஓட்டாவை அளந்தேன். மொத்தம் 84 அங்குலம். சிங்க் 24, அடுப்பு 28, மைக்ரோவேவ் 18, மிக்ஸி 9. கழித்துப் பார்த்தால் 5 அங்குலம் மிச்சம். ஐந்து பேருக்குச் சமைக்கும் வீட்டில் வெண்டைக்காய் நறுக்க 5 அங்குலம். அதனால்தான் அத்தை ஹாலில் அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நான் மைக்ரோவேவ் தலையில் தட்டை வைத்து நின்றபடி நறுக்குவேன்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் மாடுலர் கிச்சன் கடை ஒன்றுக்குப் போனோம். கடைப் பையன் கேட்ட முதல் கேள்வி, "என்ன கலர் மேடம்?" கம்ப்யூட்டரில் எங்கள் சமையலறையை வரைந்து காட்டினான். பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஜன்னல் பக்கம் தரையிலிருந்து கூரை வரை உயரமான அலமாரி, ஓட்டாவுக்கு மேலே முழுக்கப் பெட்டிகள், மிக்ஸிக்கு ஷட்டர் போட்ட தனி அறை. கிரைண்டர் எங்கே என்று கேட்டேன். "இந்தக் காலத்தில் யார் மேடம் கிரைண்டர் வைத்துக்கொள்கிறார்கள், மாவுதான் கடையில் கிடைக்கிறதே" என்றான். விலை 3 லட்சத்து 80 ஆயிரம்.

அட்வான்ஸ் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். ராத்திரி அந்தப் படத்தை மாமாவிடம் காட்டினேன். மாமா மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 31 வருஷம் பெட்டிகளின் உள்வேலை பார்த்தவர். 1915இல் தொடங்கிய பட்டறை அது. மூன்றடுக்குப் பெட்டியின் நடு பெர்த்தை எத்தனை ஆயிரம் தடவை கழற்றி மாட்டியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத்தன பெட்டி போட்டிருக்கானே, இதுக்குள்ள என்னத்தம்மா வைக்கப் போற?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இருக்கிற சாமான் எல்லாம் என்று சொன்னேன். "அப்ப இருக்கிறத எண்ணிட்டியா?" என்றார்.

எண்ணவில்லை. மறுநாள் எண்ணினேன். ஃப்ரிட்ஜை விட்டுவிட்டு மின்சாரத்தில் ஓடும் சாமான் மட்டும் 17. மிக்ஸி, பழைய மிக்ஸி, கிரைண்டர், மைக்ரோவேவ், ஓடிஜி என்ற மின்சார ஓவன், ஏர் ஃப்ரையர், கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, ரைஸ் குக்கர், சாண்ட்விச் டோஸ்டர், ரொட்டி டோஸ்டர், ரொட்டி மேக்கர், ஜூஸர், கை பிளெண்டர், முட்டை வேகவைக்கும் கருவி, காபி மேக்கர், தண்ணீர் சுத்திகரிப்பான். பிளக் பாயிண்ட் இரண்டு.

இதில் பாதிக்கு மேல் நாங்கள் வாங்கியவை அல்ல. கல்யாணத்துக்கு வந்தவை, கிரகப்பிரவேசத்துக்கு வந்தவை, தீபாவளிக்கு ஆபீசில் கொடுத்தவை. காபி மேக்கர் வீட்டுக்காரரின் நண்பர் கொடுத்தது. பில்டர் காபி குடிக்கிற வீட்டுக்குக் காபி மேக்கர் கொடுப்பது எப்படிப்பட்ட நட்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்று வீட்டில் உட்கார்ந்து பேசினால் சண்டைதான் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வக்கீல் உண்டு. ஓடிஜிக்கு என் மகள், ஜூஸருக்கு வீட்டுக்காரர், பழைய மிக்ஸிக்கு அத்தை. எனவே ஒரு வழி செய்தேன். ஒவ்வொரு சாமானிலும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டினேன். பேனா ஒன்றை நூலில் கட்டி ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் தொங்கவிட்டேன். பயன்படுத்துகிறவர் அந்த டேப்பில் ஒரு டிக் போட வேண்டும். ஆடி, ஆவணி இரண்டு மாசம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த எட்டு வாரம் இது நடந்தது.

மிக்ஸி டேப் மூன்றாவது வாரத்திலேயே நிறைந்து, இரண்டாவது டேப் ஒட்ட வேண்டியதாயிற்று. எட்டு வாரத்தில் 140 தாண்டியது. மைக்ரோவேவ் 74, கெட்டில் 61. கிரைண்டர் 11. ஏர் ஃப்ரையர் 9. ரொட்டி டோஸ்டர் 5, சாண்ட்விச் டோஸ்டர் 4, இண்டக்‌ஷன் 2, ஓடிஜியும் கை பிளெண்டரும் தலா 1. ஆறு சாமான்களில் டேப் ஒட்டியபடியே வெள்ளையாக இருந்தது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தப்பாகிவிடும், இதை நான் பின்னால்தான் யோசித்தேன். முறுக்கு உரலும் அதிரசச் சட்டியும் எட்டு வாரத்தில் ஒரு தடவைகூட எடுக்கப்படவில்லை. அதற்காக அவற்றைத் தூக்கிப்போட முடியுமா? கேள்வி இப்படி இருக்க வேண்டும்: இது செய்யும் வேலையை வீட்டில் வேறு எது செய்யும்? முறுக்கு உரலுக்கு மாற்று இல்லை. ரைஸ் குக்கருக்கு பிரஷர் குக்கர் இருக்கிறது. கை பிளெண்டருக்கு மத்து இருக்கிறது. சாண்ட்விச் டோஸ்டரில் ரொட்டியை வைத்தால் அதுவும் டோஸ்ட்தான். ஏர் ஃப்ரையர் என்பது உள்ளபடி பார்த்தால் விசிறி வைத்த சின்ன ஓவன். ஓடிஜியும் அதுவும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். சீக்கிரம் சூடாகிறது, இடம் குறைவு என்று ஏர் ஃப்ரையரை வைத்துக்கொண்டோம். மகள் இரண்டு நாள் பேசவில்லை. எட்டு வாரத்தில் நீ போட்டது ஒரு டிக் என்று டேப்பைக் காட்டியதும் சரியாகிவிட்டது.

ஆக 17இல் 8 போனது. ஒன்பதாவதாகப் போயிருக்க வேண்டிய பழைய மிக்ஸி, 'ஸ்பேர்' என்ற பெயரில் மாளாவில் ஏறிக்கொண்டது. மாளா என்றால் பரண். அத்தையிடம் சில இடங்களில் வாதாடக்கூடாது.

கொடுப்பதிலும் ஒரு வித்தை இருக்கிறது. முதலில் பழைய இரும்புக்காரரை, இங்கே பங்கார்வாலா என்பார்கள், கூப்பிட்டேன். அவருக்கு மோட்டாருக்குள் இருக்கும் தாமிரம்தான் கணக்கு. ஓடுகிற சாமானா ஓடாத சாமானா என்பதில் அக்கறையே இல்லை. நல்ல ஓடிஜிக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டு நானே அதைத் திரும்ப உள்ளே தூக்கி வைத்தேன். பிறகு சொசைட்டி, அதாவது எங்கள் கட்டடத்துக்காரர்கள் சங்கம், அதன் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். அன்றைக்கே ஆறு சாமான் போய்விட்டன. புதிதாக வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள் இரண்டு பேர் ரைஸ் குக்கரையும் டோஸ்டரையும் தோளில் வைத்துக்கொண்டு போனதைப் பார்க்க நன்றாக இருந்தது. அளவு கப், மூடி, சமையல் குறிப்புப் புத்தகம் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். மூடியில்லாத ரைஸ் குக்கர் யாருக்கும் உதவாது. ஓடாமல் கிடந்த ஜூஸரும் ரொட்டி மேக்கரும் மின்கழிவு எடுக்கிறவர்களிடம் போயின. இதுபோன்றவற்றைக் குப்பையோடு சேர்க்கக் கூடாது.

மாளாவைச் சொல்லாமல் விட்டால் பாதிக்கதைதான். மேலே ஏறிப் பார்த்தால் பித்தளை அண்டா இரண்டு, குடம், பெயரும் தேதியும் வெட்டிய எவர்சில்வர் பாத்திரங்கள் கணக்கில்லாமல். சீராக வந்தது ஒரு பகுதி. இன்னொரு பகுதி, பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பாண்டிவாலிகளிடம் அத்தை முப்பது வருஷமாகப் பேரம் பேசிச் சேர்த்தது. பீரோவில் இடம் வேண்டும் என்று பழைய புடவையைப் போட்டு எவர்சில்வர் டப் வாங்கி, அதை வைக்க மாளாவில் இடம் தேடுவது. இந்தக் கணக்கு எனக்கு மட்டும்தான் விநோதமாகத் தெரிந்தது. பெயர் வெட்டியது எதையும் தொடவில்லை. மற்றதில் ஒரு சாக்கைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு மூன்றே மூன்று நல்ல அடிகனமான பாத்திரம் வாங்கினோம். அத்தையே தேர்ந்தெடுத்தார். அதனால்தான் அது நடந்தது.

இவ்வளவும் முடிந்த பிறகு சமையலறையைப் பார்த்தால், மாடுலர் கடைக்காரன் வரைந்த பெட்டிகளில் பாதிக்கு வைக்கச் சாமானே இல்லை. 3 லட்சத்து 80 ஆயிரத்துக்குக் கதவு போட்டு மூடி வைக்க இருந்தது பெரும்பாலும் நாங்கள் பயன்படுத்தாத பொருள்களை. எங்களுக்குத் தேவைப்பட்டது பெட்டி இல்லை, ஓட்டா.

ஓட்டாவைப் பெருக்க மாமாவும் நானும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டோம். முதல் முடிவு ஃப்ரிட்ஜை ஹாலுக்கு அனுப்புவது. மும்பையில் எத்தனையோ வீட்டில் ஃப்ரிட்ஜ் ஹாலில்தான் நிற்கிறது. வருகிறவர்கள் யாரும் தப்பாக நினைப்பதில்லை. அதன் பின்னாலேயே மைக்ரோவேவும் போயிற்று. சூடுபண்ண மட்டும்தானே அது, சாப்பிடும் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தால் என்ன? சமையலறைச் சாமான் எல்லாம் சமையலறையிலேயே இருக்க வேண்டும் என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

ஃப்ரிட்ஜ் போனதும் ஜன்னல் சுவரில் மோரியோடு சேர்த்து நாலரை அடி கிடைத்தது. அங்கே 18 அங்குல ஆழத்தில் இன்னொரு ஓட்டா. வழக்கமான ஆழம் 2 அடி. ஆனால் இரண்டு பேர் நடமாட வேண்டிய சின்னச் சமையலறையில் அந்த 6 அங்குலத்தை நடக்கத்தான் விட வேண்டும். நறுக்கவும் பிசையவும் 18 அங்குலம் தாராளம்.

கிரைண்டர் விஷயத்துக்கு வருகிறேன். அது 1998இல் கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் வந்த டில்டிங் கிரைண்டர். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது என்று மகள் சொன்னபோது அத்தை ஆச்சரியப்படவில்லை, "அதான் தெரியுமே" என்றார். எட்டு வாரத்தில் 11 தடவை ஓடிய சாமான், அதுவும் ஒவ்வொரு தடவையும் மூன்று நாளுக்கான இட்லி தோசை. கடை மாவு செம்பூரில் நாலு எட்டு வைத்தால் கிடைக்கும். எனக்கும் அது தெரியும். ஆனால் உளுந்து எவ்வளவு, எவ்வளவு நேரம் பொங்கியது என்பது நம் கையில் இல்லை. மழைக்காலத்து ஈரத்துக்கு ஒரு நேரம், டிசம்பர் குளிருக்கு ஒரு நேரம் என்று அத்தை வைத்திருக்கும் கணக்கைப் பாக்கெட்டில் யாரும் தரமாட்டார்கள்.

பிரச்சினை அதன் எடை. மாமா முதலில் பலகைக்கு நாலு சக்கரம் மாட்டி அதன்மேல் கிரைண்டரை ஏற்றினார். தேவைப்படும்போது இழுக்கலாம், வேலை முடிந்ததும் தள்ளலாம். கேட்க அருமையாக இருந்தது. உளுந்தைப் போட்டு சுவிட்சைத் தட்டியதும் கிரைண்டர் ஆடிக்கொண்டே கதவை நோக்கி நடக்க ஆரம்பித்தது. அத்தை தண்ணீர்ச் செம்போடு பின்னாலேயே போனார். ஒயர் நீளம் முடிந்த இடத்தில் நின்றது. சக்கரத்துக்குப் பூட்டு இருந்தாலும் அதிர்வில் நகரத்தான் செய்தது.

அப்போதுதான் மோரி கண்ணில் பட்டது. உடைத்துச் சமன் செய்வதாக இருந்த அந்தப் பள்ளத்தை அப்படியே விட்டோம். புதிய ஓட்டாவின் அடியில், கதவு எதுவும் போடாமல், மோரிக்குள் பழைய ஓட்டாவிலிருந்து எடுத்த கடப்பா துண்டைப் பதித்து அதன்மேல் கிரைண்டரை உட்கார வைத்தோம். முன்பக்கம் திறப்பாக இருப்பதால் டில்ட் பண்ணலாம். கழுவிய தண்ணீர் மோரியின் பழைய வாய் வழியாகவே போய்விடும். அதற்கென்று உள்ளேயே ஒரு பிளக். இப்போது அத்தை அதைத் தூக்குவதும் இல்லை, இழுப்பதும் இல்லை. முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால் போதும். இந்த ஒரு வேலைக்கு ஆன செலவு மிகக் குறைவு, பயன்தான் எல்லாவற்றையும்விட அதிகம்.

வேலை தீபாவளி கழித்துத் தொடங்கியது. சொசைட்டியில் அனுமதிக் கடிதம், டெபாசிட், மத்தியானம் இரண்டு மணி நேரம் சத்தம் போடக்கூடாது என்ற நிபந்தனை. இடிபாட்டை, டெப்ரி என்பார்கள், சாக்கில் கட்டி மூன்று மாடி இறக்க வேண்டும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மிஸ்திரியின் கூலியைப் பேசும்போது இறக்குக்கூலி அதில் சேர்த்தியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

17 நாள் என்றது 29 நாள் ஆனது. அந்த 29 நாளும் ஹாலில் ஒரு மேஜையில் இண்டக்‌ஷன், மிக்ஸி, ஒரு குக்கர், ஒரு வாணலி, கெட்டில். மற்றதெல்லாம் அட்டைப்பெட்டியில் கட்டிலுக்கடியில். வேண்டும்போது பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். மாசக் கடைசியில் இரண்டு பெட்டி ஒட்டின நாடா பிரியாமல் கிடந்தது. டேப்பில் டிக் போட்டதைவிட இது இன்னும் கறாரான கணக்கு என்று தோன்றியது. அந்தப் பெட்டிகளில் ஒன்று அப்படியே வேலைக்கு வரும் பாயி வீட்டுக்குப் போனது.

மின்சாரத்தில்தான் அதிகம் கவனம் வைத்தேன், காரணம் ஏற்கெனவே ஒரு தடவை எக்ஸ்டென்ஷன் போர்டு உருகிப் பிளாஸ்டிக் நாற்றம் வந்து பயந்திருக்கிறோம். கணக்கு லேசானது. கெட்டில் 1500 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர். சாதாரணச் சின்ன பிளக் 6 ஆம்ப். அதாவது கெட்டில் ஒன்றே அந்த பிளக்குக்கு அதிகம். அதே போர்டில் மிக்ஸியும் ஓடினால் உருகாமல் என்ன செய்யும்? மீட்டர் பலகையிலிருந்து சமையலறைக்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்து, தனி எம்சிபி (லோடு அதிகமானால் தானே அணையும் சுவிட்ச்) போட்டு, 16 ஆம்ப் பிளக் மூன்று, 6 ஆம்ப் நான்கு வைத்தோம். அடுப்புக்குப் பின்னால் ஒன்றும் வேண்டாம், சிங்குக்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று எலக்ட்ரீஷியனிடம் சுவரில் கோடு போட்டே காட்டினேன். எந்தச் சாமான் எங்கே நிற்கும் என்று முன்னமே தெரிந்திருந்ததால் பிளக் எல்லாம் சரியான இடத்தில் விழுந்தது. ஒன்றைத் தவிர. தண்ணீர் சுத்திகரிப்பானை மறந்துவிட்டேன். புது டைல்ஸ் மேல் இன்றைக்கும் அதன் ஒயருக்கு ஒரு வெள்ளைக் குழாய் ஓடுகிறது, வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

பைப் கேஸ் இருந்தால் அதன் குழாயையும் மீட்டரையும் மிஸ்திரி தொடவே கூடாது. "அரைமணி நேர வேலை, நானே மாற்றித் தருகிறேன்" என்பார். வேண்டாம். கேஸ் கம்பெனி அனுப்பும் ஆள்தான் செய்ய வேண்டும். அவர்கள் வர நாளாகும், அதற்கேற்பத் தேதி வைத்துக்கொள்ளுங்கள். குழாயைக் காற்றுப் போகாத பெட்டிக்குள் மூடி அழகு பார்ப்பதும் கூடாது.

மோரிப் பக்கத் தரைக்கு வாட்டர்புரூஃபிங் செய்து, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஒரு முழுநாள் தண்ணீர் கட்டி வைத்தோம். கீழ்வீட்டு குஜராத்தி அம்மா தன் வீட்டுச் சமையலறைக் கூரையைக் காலையும் மாலையும் டார்ச் அடித்துப் பார்த்து, ஈரமில்லை என்று சொன்ன பிறகுதான் மிஸ்திரியை மேலே தொடரச் சொன்னேன். டைல்ஸ் ஒட்டினபின் கசிந்தால் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும், பக்கத்து வீட்டுச் சிநேகமும் போகும்.

ஓட்டாவுக்கு அடியில் மரப்பெட்டி போடவில்லை. பழைய மும்பை பாணியில் கடப்பா கல்லையே செங்குத்தாக நிறுத்தித் தடுப்பு. மேலே கிரானைட். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊரில் காற்றே தண்ணீராக இருக்கும். மலிவான பலகை ஊதிப்போய்க் கதவு மூடாமல் நிற்பதை எத்தனை வீட்டில் பார்த்தாயிற்று. மரம்தான் வேண்டும் என்றால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை, அதாவது ஈரம் தாங்கும் பிளைவுட், கேளுங்கள், சிங்குக்கு அடியிலாவது. எங்களுக்கு இழுத்துத் திறக்கும் எவர்சில்வர் ட்ராலி மூன்றே மூன்று: கரண்டி, தட்டு, மசாலா டப்பா. மீதிக்கு அலுமினியக் கதவு. அடியில் ஆழமான அலமாரி வைத்தால் பின்னால் போன பாத்திரத்தை எடுக்க முழங்காலிட வேண்டும் என்பது உண்மை. அங்கே குனிந்து எடுக்கச் சம்மதமான, மாசம் ஒருமுறை வரும் பாத்திரங்களை வைத்தோம்.

உயரத்தில் ஒரு தப்பு செய்தேன். பழைய ஓட்டா 30 அங்குலம், எனக்கு முதுகு வலிக்கும். முழங்கையை மடக்கி நின்றால் அதற்கு 4 முதல் 6 அங்குலம் கீழே ஓட்டா இருப்பது நல்லது என்பார்கள். அப்படி 33 வைத்தேன். ஆனால் அத்தை நாலடி பத்து அங்குலம். அடுப்பின் உயரம், அதன்மேல் குக்கரின் உயரம் எல்லாம் சேர்ந்தால் உள்ளே எட்டிப் பார்க்க அவரால் முடியாது. அதனால் அடுப்பு நிற்கும் இடத்தை மட்டும் 4 அங்குலம் தாழ்த்தினோம். அத்தைக்கு வசதிதான். ஆனால் கொதிக்கிற பாத்திரத்தை இறக்காமல் அப்படியே பக்கத்தில் நகர்த்தும் வழக்கம் போயிற்று. தூக்கித்தான் வைக்க வேண்டும். இன்னொரு தடவை செய்தால் ஓட்டாவை ஒரே மட்டமாக 32இல் விட்டிருப்பேன்.

மிக்ஸிக்கு ஷட்டர் அறை போடவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை ஓடுவதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? அது வெளியே, பிளக்கில் சொருகியபடி, தன் 9 அங்குலத்தில் நிற்கிறது. கெட்டில் அதற்குப் பக்கத்தில். மற்ற எதுவும் ஓட்டாவில் இரவு தங்கக்கூடாது.

சப்பாத்திக்கு மாமா தன் பங்கைச் செய்தார். ஓட்டாவுக்கு எதிர்ச் சுவரில் 30 அங்குல நீளம், 14 அங்குல அகலத்தில் ஒரு பலகை. கீழே கீல், இரண்டு பக்கமும் சங்கிலி. வேலை முடிந்ததும் மேலே மடக்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நடு பெர்த் தத்துவம். சங்கிலியைத் தாதரில் வாங்கிவந்தாலும் கொக்கி மட்டும் ரயில்வே மாதிரி இல்லை என்று அவருக்கு ஒரு குறை.

அந்த நேரத்தில் மகள் பள்ளிப் ப்ராஜெக்டுக்காக எதையோ தேடும்போது ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். 1926இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் வேலையாட்களின் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறை வடிவமைத்தார். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம், எத்தனை எட்டு என்று கணக்குப் பார்த்து, ரயில் உணவுப்பெட்டியின் சமையலறையை மாதிரியாக வைத்துக்கொண்டு. அளவு 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். அதுபோல ஏறக்குறைய 10,000 சமையலறைகள் கட்டினார்களாம். "ரயில் பெட்டியப் பாத்துதான் செஞ்சிருக்கா!" என்று மாமா அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் அதைச் சதுர அடியில் போட்டாள், கிட்டத்தட்ட 70. எங்களுடையது 52. "அப்ப நம்மளதுதான் இன்னும் கெட்டி" என்றார் மாமா.

செலவைக் கேட்பீர்கள். கல், டைல்ஸ், மிஸ்திரி கூலி 62 ஆயிரம். பிளம்பிங்கும் வாட்டர்புரூஃபிங்கும் 18. மின்சாரம் 16. ட்ராலி, கதவுகள் 41. இறக்குக்கூலி, பெயின்ட், மற்றது 9. மொத்தம் 1 லட்சத்து 46 ஆயிரம். வெறும் ஓட்டா இப்போது நாலரை அடிக்கு மேல் இருக்கிறது. ஜன்னல் முழுசாகத் திறக்கிறது.

பொங்கலுக்கு அம்பர்நாத்திலிருந்து நாத்தனார் வந்தாள். புது அடுக்களையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு இடமா!" என்று பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து அந்த வெறும் ஓட்டாவின் நடுவில் வைத்தாள். எலக்ட்ரிக் சாப்பர். வெங்காயம் நறுக்க.

அவள் கிளம்பியதும் அதில் டேப் ஒட்டித் தேதி எழுதினேன். சித்திரை வரை கெடு. இப்போது அதில் ஏழு டிக் இருக்கிறது. ஏழும் ஒரே மாதிரி, கொஞ்சம் நடுங்கின கோடு. அத்தை அரிவாள்மனையை விட்டு எழுந்து அதை ஓட்டியதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.